வெறும் வட்டு

கிழக்கே பன்னிரண்டு செடி, மேற்கே பன்னிரண்டு.
கிழக்கென்றால் புளியரை வாய்க்கால் கரை.
மேற்கென்றால் கழுதுருட்டியில்
பதிமூன்று கண் பாலத்துக்குக் கீழே,
அட்டைக்கடிக்கு உப்பு தேய்த்துக்கொண்டு பறித்தது.
இங்கே ஆடாதோடை, அங்கே ஆடலோடகம்.
நடுவில் நிற்கும் மலை
பேரை மட்டும் மாற்றியிருக்கிறதா,
இலைக்குள்ளும் எதையாவது மாற்றியிருக்கிறதா
என்பது என் கேள்வி.
இரண்டு வருடம்,
ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.

ஆரியங்காவு சாவடியில் சாக்கைப் பிரிக்கச் சொன்னார்கள்.
"இதெந்தா, ரஹமத்துன்னிசா?"
அடையாள அட்டையை எழுத்துக்கூட்டிய காவலர்
ஒரு கொப்பை முகர்ந்தார். நம்பவில்லை.
சாவடி ஓரம் கட்டியிருந்த ஆட்டிடம் நீட்டினார்.
அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.
வயிறு நிறைந்திருக்குமோ என்னவோ என்று
பலா இலை ஒன்றை ஒடித்துக் கொடுத்தார்.
நறுக் நறுக்கென்று தின்றது.
"சரி, பொய்க்கோ" என்றார்.
அந்த ஊரில் அதற்குப் போகலாம் என்று பொருள்.

நிழலில் உலர்த்தினேன், இடித்தேன், சலித்தேன்,
எரிசாராயத்தில் மூன்று நாள் ஊறவைத்தேன்.
வடிதாளைச் சட்டைப் பொத்தான் அளவு வட்டுகளாக வெட்டி
சாறில் நனைத்து உலர்த்தி
கிருமி விதைத்த தட்டுகளில் வைத்தேன்.
மறுநாள் காலை
மேற்கு வட்டைச் சுற்றிப் பதினொரு மில்லிமீட்டர் தெளிவு.
கிழக்கைச் சுற்றிப் பதினான்கு.
ஸ்கேலைக் கீழே வைக்காமலே
புனலூருக்குப் போன் செய்தேன்.
பங்கஜாக்ஷி டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார்:
"வெறும் வட்டு?"

சாறே படாத வட்டு.
சாராயத்தை மட்டும் குடித்துக் காய்ந்த வட்டு.
பூஜ்யம் காட்ட வேண்டியது.
பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.
பார்த்தேன்.
பத்து.

சாரல் மாதம். காற்றே பிழியாத துணி.
உலர்பெட்டிக்கு மின்சாரம் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்துப் போனது.
காயுமுன் எடுத்துவிட்டிருக்கிறேன்.
கொன்றது இலையா சாராயமா?
பத்தைக் கழித்து
நாலு, ஒன்று என்று எழுதிவிட முடியாது.
கொலையில் கழித்தல் கணக்கு செல்லாது.

அறிக்கைக்கு ஒன்பது நாள்.
வெறும் வட்டு இருந்த தட்டு ஒன்றே ஒன்று.
கைதவறி உடைந்தது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்?
பொய்க்கோ பொய்க்கோ என்று காதுக்குள் ஒரு குரல்,
இந்த முறை தமிழில்.

அந்த ஆடு நினைவுக்கு வந்தது.
இரண்டாவது இலையை ஒடிக்க
அவருக்கு யார் சொன்னது?
பத்து என்று எழுதி அனுப்பினேன்.
ஆறு மாதம் நீட்டித்தார்கள்,
பணம் மட்டும் இல்லாமல்.

தையில், வெயில் வந்தபின், மறுபடி.
வெறும் வட்டு பூஜ்யம்.
மேற்கு பூஜ்யம். கிழக்கும் பூஜ்யம்.
கிருமி ஓர் இழை பிசகாமல்
பால் ஆடை போலத் தட்டை மூடியிருந்தது.
வெகுநேரம் விளக்கை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் எனக்கு இருமல் பிடித்தது.
மீந்த இலை நாலு, மிளகு ஏழு.
கசப்பு காது வரைக்கும் போனது.
ஆறாம் நாள் இருமல் நின்றது.
இலையா, மிளகா, ஆறு நாளா?
குடிக்காமல் இருமிப் பார்க்க
இன்னொரு ரஹமத்துன்னிசா என்னிடம் இல்லை.
குறிப்பேட்டில் எழுதினேன். அடித்தேன்.
அடித்ததற்குக் கீழே தேதி போட்டேன்.

இன்றைக்குப் புனலூர் பேருந்தில்
முன் இருக்கைக் குழந்தை இருமிக்கொண்டே வருகிறது.
தாய் முதுகைத் தடவுகிறாள், ஜன்னலைச் சாத்துகிறாள்.
பை என் மடியில் இருக்கிறது, இலை பைக்குள்.
என்ன சொல்லிக் கொடுப்பது என்று யோசிப்பதற்குள்
ஆரியங்காவு தாண்டிவிட்டது.